எதிர் கேலரிக்கு ஒரே ரசிகர்

கூட்டம் உள்ளே போகிறது, அவர் வெளியே வருகிறார். ஆட்டமுள்ள சனிக்கிழமை எதுவானாலும் எல் கிரிசோல் கிளப்பின் கால்பந்து மைதான வாசலில் இதுதான் காட்சி. ஊதா ஜெர்சி போட்ட ஜனங்கள் கொட்டு, கொடி, குழந்தை குட்டியோடு நெருக்கியடித்துக்கொண்டு நுழைய, அந்த வெள்ளத்தை எதிர்த்து ஒரு மனிதர் தோளில் துடைப்பத்தோடு வருவார். "வழி விடுங்கப்பா, வழி, வழி" என்பார். வழி தாராளமாகக் கிடைக்கும். தீயணைப்பு வண்டிக்குக்கூட அந்த வட்டாரத்தில் இவ்வளவு சீக்கிரம் வழி விட்டதில்லை. அதை மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். அவர் சட்டை நுனி தம் மேல் பட்டுவிடக் கூடாதே என்கிற பயம்.

அவருடைய பெயர் அன்செல்மோ திரிபோதி. எழுதியாயிற்று. கிளப்பில் யாரும் இதைச் செய்யத் துணிய மாட்டார்கள். கட்டின பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லாத மாதிரி, ஒரு கிளப்பே சேர்ந்து ஒருத்தர் பெயரைச் சொல்லாமல் காலம் தள்ளுகிறது. மற்ற பெரியவர்களெல்லாம், நாம் ஐயா போடுவதுபோல, தோன் ராமோன், தோன் அல்தோ. இவர் வெறும் "தோன்". தப்பித்தவறி எவன் வாயிலிருந்தாவது பெயர் வந்துவிட்டால் போச்சு. ஆண்கள் இடக்கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டு, சபையில் சொல்லக் கூடாத இடத்தின் இடப்பக்கத்தைத் தொட்டுக்கொள்வார்கள். பெண்கள் தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல இடது மார்பில் கை வைப்பார்கள். துரதிர்ஷ்டத்துக்கு இங்கே அதுதான் மருந்து.

அன்செல்மோ திரிபோதி ஒரு 'முஃபா'. அதாவது ராசியில்லாத ஆள். அவர் கண் பட்டால் கிளப் தோற்கும்.

இந்தப் பட்டம் ஒரே நாளில் கிடைத்ததல்ல. இளவயதில் அவர் பஸ் ஓட்டுநர், டிக்கெட் கிழிப்பதும் அவரேதான். தான் ஓட்டிய தடத்துப் பயணிகளுக்கு டிக்கெட்டோடு கிளப்பின் வரலாற்றையும் சேர்த்துக் கொடுத்தவர். ஒரு சனிக்கிழமை கல்யாணம் செய்துகொண்டார், ஆட்டத்துக்குப் போகவில்லை. கிளப் ஐந்து கோல் போட்டு ஜெயித்தது. தேனிலவு முடிந்து வந்தார். கிளப் ஆறு வாங்கியது. அப்போதும் ஒருவரும் முடிச்சுப் போடவில்லை. பிறகு மைதானத்துக்கு மின்விளக்குக் கம்பங்கள் நட்டார்கள். நீண்ட நாள் உறுப்பினராயிற்றே என்று சுவிட்சை அழுத்தும் கௌரவத்தை அவருக்குக் கொடுத்தார்கள். அழுத்தினார். மைதானம் மட்டுமல்ல, ரயில் நிலையம் வரை மொத்தப் பேட்டையும் இருண்டுபோனது. அந்த இருட்டில்தான் எவனோ ஒருவன் கணக்குப் போட ஆரம்பித்தான். அதற்கடுத்த வருஷம், ஒரு ஆட்டம் விடாமல் அவர் வந்து உட்கார்ந்த வருஷம், கிளப் லீக்கின் கடைசிப் பிரிவுக்குத் தள்ளப்பட்டது.

ஒரு சனிக்கிழமை அவர் தாமாகவே எழுந்து, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். யாரும் போகச் சொல்லவில்லை. போக வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லையே, அதுதான் மனுஷனுக்கு வலித்தது.

அன்று முதல் ஆட்ட நேரத்தில் அவருடைய இடம், சிமென்ட் கேலரிக்குப் பின்னால் இருக்கும் போச்சா தளம். மண்ணைக் கெட்டிப்படுத்திச் சமன்செய்த நீளமான தடம். அதில் மர உருண்டைகளை உருட்டி ஆடுவார்கள். தண்ணீர் தெளிப்பது, உருளை இழுப்பது, பெருக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. கேலரியின் முதுகுதான் இந்தத் தளத்துக்குச் சுவர். அந்தச் சுவரில் சாய்ந்து, ஒரு கையில் துடைப்பம், ஒரு கையில் மத்தே என்கிற இலைக் கஷாயக் குவளையுமாக அவர் ஆட்டத்தைக் கேட்பார்.

"கார்னர். நமக்குத்தான்" என்பார்.

உருண்டை உருட்ட வந்தவர் நிமிர்ந்து பார்ப்பார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவனுங்களுக்கு கார்னர்னா நம்ம ஜனங்க விசிலடிக்கும். நமக்குன்னா மூச்சைப் பிடிச்சுக்கும். கேளுங்க, ஒருத்தனும் மூச்சு விடல பாருங்க."

கேட்பதும் பார்ப்பதில் சேருமா என்று ஒரு காலத்தில் செயற்குழுவில் பெரிய விவாதமே நடந்தது. பாதிரியாரிடம்கூடக் கேட்டார்கள். அவர், "போய்ப் புள்ளகுட்டிய கவனிங்கடா" என்று விரட்டிவிட்டார். கடைசியில் ரேடியோ கூடாது, சுவர் வழியாக வருவது பரவாயில்லை என்று தீர்மானமாயிற்று.

கிளப்பின் சரித்திரம் வேண்டுமென்றால் அவரிடம்தான் போக வேண்டும். போகாவிட்டாலும் அது உங்களைத் தேடி வரும். ஒரு உருண்டைக்கும் அடுத்த உருண்டைக்கும் நடுவே சொல்லிக்கொண்டே இருப்பார். இரும்பு உருக்கும் பட்டறைத் தொழிலாளிகள் தொடங்கிய கிளப். சட்டைக்குத் துணி வாங்க வக்கில்லை. தவக்காலத்தில் கோயில் சிலைகளை மூடிவைக்கும் ஊதாத் துணி பழசானதும் அதை அந்தக் காலத்துப் பாதிரியார் தானமாகக் கொடுத்தார். அதில் தைத்ததுதான் முதல் ஜெர்சி. "அதான் நம்ம பசங்க பாதி நேரம் சிலை மாதிரியே நிக்கிறானுங்க" என்பார். முதல் மைதானத்தை ரயில்வே எடுத்துக்கொண்டது. இரண்டாவதன் மேல் ராணுவ ஆட்சி நெடுஞ்சாலை போட்டது. மூன்றாவதில் கேலரி கட்டியது கால்பந்துக்காரர்கள் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. "கிழிச்சானுங்க! கார்னிவல் டான்ஸ்ல வந்த காசு பாதி, பொம்பளைப் புள்ளைங்க சக்கர ஷூ மாட்டிக்கிட்டு ஆடிக் காட்டின காசு பாதி. கூடைப்பந்துக்காரன் குடுத்தான், போச்சாக்காரன் குடுத்தான். கால்பந்துக்காரன் என்ன குடுத்தான்? கவலை குடுத்தான்."

அவர் கேலரியை விட்டு வெளியேறிய வருஷத்துக்குப் பிந்தைய கோல்களைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் வினைச்சொல் மாறிவிடும். "அந்த கோலை நீங்க பாத்திருப்பீங்க. நான் கேட்டிருக்கேன். என்ன கோலுய்யா அது!"

அவர் மனைவி தெலியா அதே கிளப்பில் ஸ்கேட்டிங் பிரிவை நடத்துகிறவள். சின்னப் பெண்களைச் சக்கரத்தின் மேல் நிறுத்தி, விழ விட்டு, எழுப்பி, பதக்கம் வாங்க வைக்கிறவள். அவளுடைய போட்டி ஒன்று விடாமல் அன்செல்மோ முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறார். கோப்பை வந்துகொண்டேதான் இருக்கிறது. தலைவர் ரூபெனிடம் அவள் இதை எடுத்து வைத்தாள். ரூபென் செருப்புக்கடைக்காரர், எதற்கும் பதில் வைத்திருக்கிறவர். "சக்கரம் சுத்திக்கிட்டே இருக்குல்ல தெலியா, அதுல ராசி ஒட்டாது" என்றார்.

"என்னைக் கட்டிக்கிட்டு நாப்பது வருஷம் ஆச்சு. நான் என்ன கெட்டுப்போயிட்டேன்?"

ரூபென் அவளை மேலும் கீழும் பார்த்தார். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்த பிறகுதான் ஓடினார்.

அன்செல்மோவைக் கேட்டால், "நான் இதெல்லாம் நம்புற ஆளில்ல" என்பார். கொஞ்சம் பெருக்குவார். "ஆனா நம்மால கிளப்புக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடுச்சுன்னா?"

இப்படியே போயிருக்கும். ஆனால் இந்த வருஷம் கிளப் கடைசிப் பிரிவிலும் கடைசி இடத்துக்கு வந்து நின்றது. அதற்குக் கீழே பிரிவு கிடையாது. கடைசியாக முடிக்கிறவர்களுக்கு ஒரு வருஷம் ஆட்டமே இல்லை. பையன்கள் வேறு கிளப்புக்குப் போய்விடுவார்கள். ஒரு வருஷம் பூட்டிக் கிடந்த கேலரிக்கு மறுபடி யார் வருவார்கள்? மிச்சமிருப்பது ஒரே ஆட்டம், அராவுஸ் பேட்டையின் மஞ்சள் ஜெர்சிக்காரர்களோடு. அவர்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் அவர்களுக்கு ஒன்றுமில்லை. இவர்கள் ஜெயித்தே ஆக வேண்டும். சமன் செய்தாலும் கதை முடிந்தது.

செயற்குழு கிளப் கேன்டீனில் கூடியது. அன்செல்மோவைக் கடற்கரை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். போன வருஷம் அவர் பல்வலியோடு வீட்டில் படுத்திருந்தபோதும் தோற்றோமே என்று இன்னொருவர் ஞாபகப்படுத்தினார். தூரமாக அனுப்பிப் பயனில்லை என்பது விளங்கியது. அப்போது உள்ளே மிலனேசாவுக்கு இறைச்சியை ரொட்டித்தூளில் புரட்டிக்கொண்டிருந்த பெபா, கேன்டீனின் முதலாளியம்மாள், கையைக்கூடத் துடைக்காமல் வந்து நின்றாள்.

"அந்த மனுஷன் மனசார யாரை ஆதரிக்கிறாரோ அவங்க தோக்குறாங்க. சரிதானே?"

"சரி."

"அப்ப அவரைத் தூக்கி அவங்களுக்குக் குடுத்துடுங்களேன்!"

எதிரணி ரசிகர்களை மைதானத்துக்குள் விடுவதில்லை என்று சட்டம் வந்து வெகுகாலம் ஆகிறது. எதிர் கேலரி காலியாகத்தான் கிடக்கிறது. அங்கே மஞ்சள் ஜெர்சியைப் போட்டு அவரை உட்காரவைத்தால்? ரூபென் எழுந்து போய், ரொட்டித்தூள் பறக்க, பெபாவின் நெற்றியில் முத்தம் கொடுத்தார்.

அதை அவரிடம் போய்ச் சொல்கிற வேலையும் ரூபென் தலையில்தான் விழுந்தது. போச்சா தளத்துக்குப் போனார். வானிலையைப் பற்றிப் பேசினார். மண்ணைப் பற்றிப் பேசினார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு போட்டு உடைத்தார்.

அன்செல்மோ பெருக்குவதை நிறுத்தினார். பிறகு கேட்டார்: "மஞ்சளா?"

"மஞ்சள்தான் தோன்."

"கேலரிலயா? உக்காந்து, கண்ணால பாக்கலாமா?"

"பாக்கலாம். ஆனா சும்மா போட்டுக்கிட்டா பலிக்காது. மனசார அவங்க ஜெயிக்கணும்னு நினைக்கணும்."

அன்செல்மோ பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினார்.

வீட்டில் தெலியா குதித்தாள். "அறிவிருக்கா உனக்கு? அவனுங்க சொல்றானுங்கன்னு நீயும் தலையாட்டிட்டு வந்திருக்க. அந்தத் துணியை மாட்டிக்கிட்டு இந்த வாசப்படி ஏறாத, சொல்லிட்டேன்!"

"தெலியா, நான் பாக்கப் போறேன். நம்ம பசங்க ஆடறதை என் கண்ணால பாக்கப் போறேன்."

அவ்வளவுதான் சொன்னார். அந்த ஆள் இத்தனை வருஷம் சுவரோடு காதை ஒட்டிக்கொண்டு நின்றதெல்லாம் ஒரேயடியாக அவள் கண்முன் வந்து நின்றிருக்க வேண்டும். மறுநாள் ரூபென் எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுத்த மஞ்சள் ஜெர்சியை அவளே இஸ்திரி போட்டாள். கருக்கவில்லை. அவளால் முடிந்த மரியாதை அது.

மனசார என்பதுதான் சிக்கல். அன்செல்மோ நேர்மையான மனிதர், நடிப்பு வராது. அராவுஸ் ஆட்டக்காரர்களின் பெயர்களை உருப்போட்டார். அவர்கள் பாட்டை முணுமுணுத்துப் பார்த்தார், பாதியில் அது ஊதாக்காரர்கள் பாட்டாக மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை, முடிவெட்டும் கடையில், அவர்களுடைய பின்வரிசை இடதுபக்கப் பையன் ஒரு பஸ் ஓட்டுநரின் மகன் என்று காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து தெலியாவிடம் சொன்னார்: "கிடைச்சுட்டான். பாவம், அப்பன் எத்தனை மணிக்கு எழுந்து போவானோ. இந்தப் பையன் நல்லா ஆடணும்னு நான் நெஜமாவே நினைக்கலாம்."

சனிக்கிழமை. வாழ்க்கையில் முதல் தடவையாக எதிர்வாசலில் போய் நின்றார். காவல் அதிகாரி கையை நீட்டித் தடுத்தார். "எதிரணி ரசிகருக்கு அனுமதி கிடையாது."

ரூபென் அவர் காதில் ஒரு பெயரைச் சொன்னார். அதிகாரியின் இடக்கை சரேலென்று கால்சட்டைப் பைக்குள் போனது. வலக்கை கதவைத் திறந்தது.

ஆயிரம் பேர் உட்காரும் கேலரியில் அன்செல்மோ ஒற்றை ஆளாக, நடுநாயகமாக உட்கார்ந்தார். அராவுஸ் அணி மைதானத்துக்குள் வந்தது, மஞ்சளைப் பார்த்தது, நம்ப முடியாமல் நின்றது. சட்டத்தையும் போலீசையும் மீறி, தள்ளாத வயதில், தங்களுக்காக ஒரு மனிதர்! கேப்டன் கைதட்டினான். பதினொரு பேரும் அவரைப் பார்த்து வரிசையாக நின்று கைதட்டினார்கள். அன்செல்மோ எழுந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். உடம்பெல்லாம் கூசியது.

எதிரே சொந்த ஜனங்கள் சும்மா இருப்பார்களா? எதிராளி ரசிகர்களை வையும் பாட்டுகள் எத்தனை வருஷமாக ஆளில்லாமல் துருப்பிடித்துக் கிடந்தன. இப்போது வாகாக ஒரு ஆள் கிடைத்தார். கொட்டு முழங்கியது. "டாக்சி புடிச்சு வந்தவனே, தனியா வந்து நின்னவனே" என்று தொடங்கி, அவருடைய அம்மா, அக்கா, அத்தை வரை ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை. திட்டத்துக்காகப் பாடுகிறார்களா, ஆசைக்காகப் பாடுகிறார்களா என்று சொல்வது கஷ்டம். அந்தப் பாட்டின் மூன்றாவது அடி அவரே கட்டியது. உதடு தானாக அசைய, கடித்துக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. அவர் பார்த்தார். அடேயப்பா, எப்படிப் பார்த்தார்! புல் இவ்வளவு மொட்டையாகப் போய்விட்டதா? ஊதா இவ்வளவு வெளிறிவிட்டதா? ஒன்பதாம் எண் பையனை, கேலரி கத்துகிற கத்தலை வைத்து, பனைமர உயரம் என்று நினைத்திருந்தார், பார்த்தால் பொட்டுக்குள்ளன். அவன் பந்தைத் தொடும்போதெல்லாம் உள்ளே என்னவோ பொங்கியது. உடனே தலையைத் திருப்பி இடதுபக்கப் பையனைத் தேடிப் பிடித்து, "ஓடு ராசா, உங்கப்பனை நினைச்சுக்கிட்டு ஓடு" என்று மனதைக் கட்டி இழுத்து வந்தார்.

இடைவேளையில் பெபா கொடுத்தனுப்ப முடியாத மிலனேசாவின் வாசனை காற்றில் வந்தது. அராவுஸ் அணியின் எடுபிடி ஒருவன் வேலி வழியாகத் தண்ணீர் நீட்டினான். "எங்கேருந்து வர்றீங்க தாத்தா?"

"பக்கத்துலதான்" என்றார் அன்செல்மோ. அது பொய்யில்லை.

இரண்டாம் பாதியில் அராவுஸ் அடித்த பந்து கம்பத்தில் பட்டு வெளியேறியது. அவர் "ச்சே!" என்று தொடையில் அடித்துக்கொண்டார். ஊதா கேலரியில் ரூபென் பெபாவின் விலாவில் இடித்தார். "பாத்தியா? மனசார!" ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருந்தது, கோல் விழவில்லை. பாட்டு அடங்கியது. கொட்டு நின்றது. ஊதா ஜனம் மொத்தமும் பந்தை விட்டுவிட்டு, மஞ்சள் புள்ளியாகத் தெரிந்த அந்தக் கிழவரையே, ஏதாவது செய்யுங்களேன் என்பதுபோலப் பார்த்தது. சுவருக்குப் பின்னால் இருந்து இத்தனை வருஷம் கேட்டதில் இப்படி ஒரு அமைதியை அவர் கேட்டதில்லை. இப்படியே முடிந்தால் அடுத்த வருஷம் கேட்பதற்குக்கூட ஒன்றும் இருக்காது.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். வேலியைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினார்: "அராவுஸ்! அராவுஸ்! ஏறுடா இடதுபக்கம், ஏறு!"

பையன் திரும்பிப் பார்த்தான். தாத்தாவே சொல்லிவிட்டார். பந்தோடு ஏறினான். மொட்டைப் புல்லில் கால் வழுக்கியது. பொட்டுக்குள்ளன் பந்தைப் பறித்தான், ஓடினான், அடித்தான். கோல்கீப்பரின் கைக்குக் கீழே பந்து உள்ளே போனது.

கேலரி இடிந்து விழாதது அந்தக் கால ஸ்கேட்டிங் பெண்களின் புண்ணியம். ரூபென் எவருடைய குழந்தையையோ தூக்கிச் சுற்றினார். இந்தப் பக்கம் அன்செல்மோ வேலியை உலுக்கிக்கொண்டிருந்தார். "கையா அது, கரண்டியா? குனியத் தெரியாதா உனக்கு? ஒரு கிழவன் தனியா வந்து கத்துறேனே, உனக்கு ஈவிரக்கம் வேணாமா?" என்று அராவுஸ் கோல்கீப்பரை வாய்க்கு வந்தபடி வைதார். கண்ணிலிருந்து தாரை தாரையாக ஓடியது. கூடுதல் நேரம் முழுவதும் விடாமல் வைதார். கோல்கீப்பர் தலைகுனிந்து, "மன்னிச்சுக்குங்க தாத்தா" என்றான்.

நடுவர் விசில் ஊதினார். ஊதா வெள்ளம் மைதானத்துக்குள் இறங்கியது. "தோன்! முடிஞ்சுபோச்சு தோன்! கழட்டிப் போட்டுட்டு இறங்கி வாங்க!" என்று வேலிக்கு வெளியே கூச்சல். அடுத்த வருஷத்துக்கு எந்தெந்த நிற ஜெர்சி வாங்க வேண்டும் என்று ரூபென் அப்போதே விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

அன்செல்மோ அசையவில்லை. நடுவர் இன்னும் மைதானத்தில்தான் நின்றிருந்தார். அவர் உள்ளே போகும்வரை எதையும் நம்புவதற்கில்லை. சிமென்ட் படியில் உட்கார்ந்தார். தோற்ற அணியின் ரசிகன் எப்படி உட்காருவானோ அப்படியே முழங்காலில் முழங்கை ஊன்றி, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. வெளியேறப் போன அராவுஸ் கேப்டன் பொறுக்க மாட்டாமல் வேலியருகே வந்தான். "அழாதீங்க தாத்தா. எங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. அடுத்த தடவை உங்களுக்காக ஜெயிக்கிறோம்."

அவர் கையை எடுக்காமலே தலையாட்டினார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த தெலியா வேலிக்குப் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். நிஜமாகவே அழுகிறாரோ என்று அவளுக்கே ஒரு கணம் சந்தேகம். அழுதுகொண்டுதான் இருந்தார். ஆனால் மூடிய கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெல்ல விலகியிருந்தன. அந்த இடுக்கில் ஒரு கண், இமைகூடக் கொட்டாமல், அகல விழித்துக்கொண்டு, மைதானத்தில் ஆடுகிற ஊதாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.